ஈட்டி மரக் கிட்டாரின் துளைகளை நிரப்ப இசட்-பாக்சி ரெசின்: இரண்டு கிட்டார்களுக்குப் பிறகு

ஈட்டி (ரோஸ்வுட்) மரப் பலகையை நன்றாக இழைத்து, 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்தால் வழுவழுப்பாகவே இருக்கும். அதே பலகையைச் சன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடிக்கும்போதுதான், நெடுக ஊசியால் கீறியதுபோல ஆயிரக்கணக்கான குறுங்கோடுகள் இருப்பது தெரியும். மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து நீரை மேலேற்றிய குழாய்கள், பலகையை அறுத்தபோது நெடுக்கில் திறந்துகொண்டதால் உண்டான பள்ளங்கள் அவை. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குவரை அகலம் இருக்கும். இவற்றை மூடாமல் லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சோ அரக்குப் பாலிஷோ ஏற்றினால், பூச்சு ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்; எத்தனை கை பூசினாலும் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகவே நிற்கும். கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் முதலில் இந்தத் துளைகளை நிரப்பியாக வேண்டும். மினுமினுப்பில்லாத மெல்லிய பூச்சே போதும் என்பவர்கள் இந்த வேலையை விட்டுவிடலாம், அதுவும் அழகுதான்.

கோயம்புத்தூரில் வீட்டுத் தாழ்வாரத்தில் ஓய்வு நேரங்களில் அக்கூஸ்டிக் கிட்டார்கள் செய்து வருகிறேன். இதுவரை நான்கு முடித்திருக்கிறேன். கடைசி இரண்டிலும் துளை நிரப்புவதற்கு நான் பயன்படுத்திய ‘இசட்-பாக்சி ஃபினிஷிங் ரெசின்’ என்னும் எபாக்சியை, அதாவது இரண்டு பாகங்களைக் கலந்தால் கெட்டியாகும் ரெசினைப் பற்றியே இந்த மதிப்புரை. பொருளின் நன்மையைச் சொல்வதற்கு முன், அதற்கு முந்தைய இரண்டு கிட்டார்களில் நேர்ந்ததைச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன். அந்த அனுபவம் இல்லாவிட்டால் இதன் அருமை எனக்கே புரிந்திருக்காது.

முதல் கிட்டாருக்குத் தண்ணீரில் கரையும் நிறமற்ற நிரப்பி ஒன்றை வாங்கினேன். தயிர் பதத்தில் இருக்கும். துணியால் தேய்த்துப் பூசி, ஒரு மணி நேரத்தில் உப்புத்தாள் போட்டு, அடுத்த கை பூசலாம். நாற்றமில்லை, கையைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்று கை பூசி, துளைகள் மூடிவிட்டன என்று கண்ணால் பார்த்து முடிவுசெய்து, மேலே லாக்கர் அடித்து வைகாசி மாதத்தில் மெருகேற்றி முடித்தேன். கதவு, அலமாரி என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாலிஷ் வேலை செய்துவரும் பெரியவர் ஒருவரிடம் பெருமையோடு காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்பக் கண்ணாடியாட்டந்தான் இருக்குதுங்க தம்பி. ஆடிக் காத்து அடிச்சு ஓயட்டும், அப்புறம் எடுத்துப் பாருங்க” என்றார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓய்ந்து ஆவணியில் எடுத்துப் பார்த்தபோது, பின்பலகை முழுவதும் அந்தக் குறுங்கோடுகள் மெல்லிய நிழல்களாகத் திரும்பி வந்திருந்தன.

காரணம் எளிமையானது. தண்ணீரோ தின்னரோ கலந்த எந்த நிரப்பியும் காயும்போது அந்தத் திரவம் வெளியேறியே ஆகவேண்டும். வெளியேறும் அளவுக்கு நிரப்பியும் சுருங்கும். மேலே உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் துளையின் அடியில் இருப்பது உலரப் பல நாட்கள் ஆகலாம். நாம் அதற்குள் லாக்கர் அடித்து மூடிவிட்டால், உள்ளே சுருங்குவது மேற்பூச்சையும் சேர்த்துக் கீழே இழுக்கும். அந்தப் பொருள் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். கைகளுக்கிடையே நாட்கணக்கில் காத்திருந்து, ஐந்தாறு கை பூசியவர்கள் அதிலேயே நல்ல முடிவு கண்டிருக்கிறார்கள். அதன் தன்மைக்கேற்ற பொறுமை அன்று என்னிடம் இல்லை.

இரண்டாவது கிட்டாரில் பியூமிஸ் முறையைக் கையாண்டேன். எரிமலைக் கல்லைப் பொடித்த பியூமிஸ் மாவைச் சிறிது தூவி, ஸ்பிரிட்டும் சில சொட்டு அரக்கும் நனைத்த துணிப்பந்தால் வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போகவேண்டும். மாவு மரத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அராவும். அராவிய மரத்தூளும் மாவும் அரக்கில் குழைந்து துளைகளுக்குள் போய் அமரும். நிரப்புவது பெரும்பாலும் அந்த மரத்தின் தூளே என்பதால் நிறம் சிறிதும் வேறுபடாது. பியூமிஸ் மாவும் அரக்கில் நனைந்தவுடன் வெண்மை போய்த் தெளிந்துவிடும். கிளாசிக்கல் கிட்டார் செய்பவர்கள் இன்றும் மதிக்கும் முறை இது. இதற்கு வேண்டிய அரக்கு ஜார்க்கண்ட் காடுகளிலிருந்து உலகெங்கும் போகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

ஆனால் ஈட்டி மரத்துக்கும் ஸ்பிரிட்டுக்கும் ஒரு பகை உண்டு. ஈட்டியின் ஊதாப் பழுப்பு நிறம் ஸ்பிரிட்டில் கரையும். பின்பலகையின் விளிம்பைச் சுற்றி நான் பதித்திருந்த மேப்பிள் ஓரவரி ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளைக் கோடு. இரண்டாம் நாள் தேய்ப்பிலேயே அது கத்தரிக்காய்த் தோலின் நிறத்துக்கு மாறிவிட்டது. சவரப் பிளேடின் நடுப்பகுதி மட்டும் வெளியே தெரியும்படி இருபுறமும் நாடா சுற்றி, அந்த வெள்ளைக் கோட்டை மட்டும் இரண்டு மாலைகள் சுரண்டி எடுத்தேன். பெரும்பகுதி வெளுத்தது, இடுப்பு வளைவில் மட்டும் இன்றும் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கறை நிற்கிறது. ஓரவரிமேல் முன்கூட்டியே மெல்லிய தூரிகையால் அரக்கு பூசிக் காப்பிட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

இந்தப் பின்னணியில்தான் இசட்-பாக்சி என் கைக்கு வந்தது. இது கிட்டாருக்கென்று உருவான பொருள் அல்ல. மாதிரி விமானம் பறக்கவிடுபவர்கள், பால்சா மரச் சட்டத்தின்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி நனைத்துக் கெட்டியாக்கப் பயன்படுத்தும் ரெசின் இது. பசையாக விற்கும் இருகுழாய் எபாக்சியைவிட இது நன்றாக இளகியிருக்கும், தேய்த்தால் தூளாக உதிரும். இந்த இரண்டு குணங்களையும் பார்த்துத்தான் கிட்டார் செய்பவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். ரெசின் ஒரு புட்டி, அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் ஒரு புட்டி. இரண்டையும் சம அளவு கலக்கவேண்டும். நம் ஊர் வன்பொருள் கடைகளில் நான் பார்த்ததில்லை. மாதிரி விமானச் சாமான்கள் விற்கும் கடை மூலம் வரவழைத்தேன். விலை கூடுதல்தான். இருந்தாலும் ஒரு கிட்டாருக்கு ஒரு கைக்கு இருபது மில்லி கலவை போதுமாக இருந்ததால், இரண்டு கிட்டார்கள் முடிந்த பிறகும் புட்டிகளில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

எபாக்சியின் சிறப்பு, இரண்டு பாகங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கெட்டியாவதுதான். ஆவியாகி வெளியே போகவேண்டிய தண்ணீரோ தின்னரோ அதில் இல்லாததால், துளைக்குள் ஊற்றியது ஏறக்குறைய அதே அளவில் அங்கேயே நிற்கும். முதல் கிட்டாரில் என்னைத் தோற்கடித்த சுருக்கம் இதில் மிகக் குறைவு. ஸ்பிரிட் இல்லாததால் நிறமும் ஒழுகாது. ஈட்டி மரத்தின் பிசுபிசுப்பான உள்ளெண்ணெய்கள் வார்னிஷ் போன்ற எண்ணெய்ப் பூச்சுகளைக் காயவிடாமல் தடுப்பதுண்டு. எபாக்சிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை நம்பிக் காய்வதில்லை.

மூன்றாவது கிட்டாரில் நான் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பின்பலகையும் பக்கங்களும் ஈட்டி. கூடலூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த அலமாரிக் கதவுகளிலிருந்து அறுத்தவை. அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் நிறுவனம் 1969இல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு மாறியதும் நம் ஈட்டி மரத்துக்குத்தான். நீலகிரியிலும் வயநாட்டிலும் கட்டிலும் அலமாரியுமாகப் பார்த்துப் பழகிய மரம் உலகின் கிட்டார்களில் பாடுவதை நினைக்கும்போதெல்லாம், அந்தக் கதவுப் பலகையில் ஒரு துண்டையும் வீணாக்க மனம் வரவில்லை. கழுத்து, கேரளத் தோட்டத்தில் வளர்ந்த மகோகனி. அதற்கும் திறந்த துளைகள் உண்டு, நிரப்பவேண்டும். முன்பலகை ஸ்ப்ரூஸ். ஊசியிலை மரமாகிய அதில் இத்தகைய குழாய்களே கிடையாது என்பதால் நிரப்பி அதன்மேல் படவே கூடாது. ஒரு சொட்டு ரெசின் பட்டாலும் எண்ணெய்க் கறைபோல உள்ளே இறங்கிவிடும். பிறகு எடுக்க வழியில்லை. ஆகவே முன்பலகை முழுவதையும் காகிதம் போர்த்தி, விளிம்பில் ஒட்டுநாடாவை நகத்தால் அழுத்தி ஒட்டி, அதன் பிறகே புட்டியைத் திறந்தேன்.

மரத்தை 220 வரை தேய்த்து, துளைகளில் அடைந்த தூளை மென்மையான பித்தளைத் தூரிகையால் ரேகையோடு நீவி, காற்றடித்து வெளியேற்றினேன். இந்த ஒரு காரியத்தை யாரும் விட்டுவிட வேண்டாம். தூள் அடைத்த துளைக்குள் ரெசின் இறங்காமல் மேலே பாலம்போல நிற்கும். பின்னால் தேய்க்கும்போது அந்தப் பாலம் உடைந்து துளை மறுபடி வாய் திறக்கும். ஈட்டித் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரக்கூடியது என்பதால் நல்ல முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

சம அளவு அளந்து இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்கினேன். கோப்பையின் ஓரத்தில் ஒட்டியிருப்பதையும் வழித்துக் கலக்காவிட்டால் அங்கங்கே கெட்டியாகாத பிசுபிசுப்பு நின்றுவிடும். பயன்படாத பழைய வங்கி அட்டையால் ரேகைக்குக் குறுக்காகச் சாய்கோணத்தில் அழுத்தி இழுத்தேன். அட்டைக்கு முன்னால் தேன்போல ஒரு சிறு அலை நகர்ந்து போகும். அந்த அலை கடந்த இடத்தில் துளைகளிலிருந்து மிகச்சிறு குமிழிகள் எழுந்து உடைவதைக் குனிந்து பார்த்தால் காணலாம். குமிழி வந்த இடத்தில் எதிர்ச்சாய்வில் இன்னொரு முறை இழுத்தால் அங்கும் ரெசின் இறங்கிவிடும். கடைசியாக அட்டையை நிமிர்த்திப் பிடித்து, மேலே இருப்பது அத்தனையையும் வழித்து எடுத்துவிட வேண்டும். துளைக்குள் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. மேலே விடும் ஒவ்வொரு துளியையும் நாளை உப்புத்தாளால் தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் கலவை கால் மணி நேரத்துக்குள் இழுபடத் தொடங்கிவிட்டது. அதனால் பின்பலகைக்கு ஒரு கலவை, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிக் கலவை என்று பிரித்துக்கொண்டேன். விடியற்காலையில் செய்வது இன்னும் நல்லது.

மறுநாள் கட்டையில் சுற்றிய 320 எண் தாளால் தேய்த்தேன். இந்தக் கட்டத்தில் கைவிளக்கைப் பலகைக்குக் கிடையாகப் படுக்க வைத்துப் பார்க்கவேண்டும். தேய்ந்த இடமெல்லாம் சாம்பல் பூத்ததுபோல மங்கியிருக்கும். இன்னும் நிரம்பாத துளைகள் மட்டும் தாள் எட்டாத பள்ளங்களாக மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். முதல் கைக்குப் பிறகு பின்பலகை இரவு வானம்போல மினுங்கியது. இரண்டாம் கைக்குப் பிறகு சில கொத்துகள் மட்டும். மூன்றாம் கைக்குப் பிறகு எதுவும் மினுங்கவில்லை. நிரம்பியதா இல்லையா என்று ஊகிக்கத் தேவையில்லாமல் பொருளே சொல்லிவிடுகிறது என்பதை இதன் பெரிய நன்மைகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

சிக்கல் இதற்கடுத்த கட்டத்தில்தான். தேய்க்கும்போது சில இடங்களில் ரெசின் முழுவதும் போய் வெறும் மரம் வெளிப்படும். சில இடங்களில் மெல்லிய படலம் நிற்கும். ரெசின் ஊறிய மரம் நனைந்ததுபோல ஆழ்ந்த நிறம் காட்டும். வெறும் மரம் வெளிறியிருக்கும். அப்படியே மேலே லாக்கர் அடித்தால் பின்பலகை வரைபடம்போலத் திட்டுத்திட்டாகத் தெரியும். முதல்முறை இதைக் கண்டபோது வேலையே கெட்டுவிட்டது என்று அஞ்சினேன். தீர்வு இருக்கிறது: கடைசிக் கையாக, கலந்த ரெசினில் ஸ்பிரிட்டைச் சேர்த்துத் தண்ணீராக இளக்கி, துணியால் ஒரே மெல்லிய பூச்சாகத் துடைத்துவிட்டால் நிறம் எங்கும் ஒன்றாகிவிடும். வெள்ளை ஓரவரி இருந்தால் அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்திக்கொள்வேன். காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பூச்சு காய்ந்ததும் 400 எண் தாளால் மேலோட்டமாக ஒரு தடவு தடவினால் போதும். அழுத்தினால் மறுபடி மரம் தெரிந்துவிடும்.

ரெசினின் நிறம் தெளிந்த தேநீர்போல லேசான பொன்மஞ்சள். ஈட்டிக்கும் மகோகனிக்கும் இந்த மஞ்சள் ஓர் அணிகலன். தட்டையாகக் கிடந்த பழுப்பு ரேகைகளுக்குள் ஓர் ஆழம் வந்துவிடுகிறது. மேப்பிளில் செய்த பின்பலகைக்கு இதை நான் பயன்படுத்தமாட்டேன். மேப்பிளின் துளைகள் மிக நுண்ணியவை, நிரப்பும் தேவையே அதில் அநேகமாக இல்லை என்பது ஒருபுறம். அதன் வெண்மை மங்கிவிடும் என்பது மறுபுறம்.

மழைக்காலத்தில் எபாக்சி வேலை வேண்டாம் என்பதை நான்காவது கிட்டாரில் கற்றேன். ஐப்பசியில் மூன்று நாள் தொடர்மழைக்கிடையே பூசியபோது, காய்ந்த பரப்பின்மேல் மெழுகு தடவியதுபோல ஒரு வழவழப்பு படிந்தது. காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு வினைபுரிவதால் உண்டாகும் படலம் அது. எபாக்சி வகைகளில் பொதுவாக நேரக்கூடியதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த நாரால் துடைத்தால் போய்விடும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், மேற்பூச்சும் பிடிக்காது.

உடல்நலம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். எபாக்சி ஹார்டனர் தோலில் அடிக்கடி பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எபாக்சியைத் தொடவே முடியாதபடி வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். நைட்ரைல் கையுறை இல்லாமல் புட்டியின் மூடியைக்கூட நான் திறப்பதில்லை. கையில் பட்டதை ஸ்பிரிட்டாலோ தின்னராலோ துடைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அது ரெசினைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும்தான் சரி. இதைவிட விரைவாக வேலை முடியும் என்று சூப்பர் குளூ ஊற்றித் துளை நிரப்புபவர்களும் இருக்கிறார்கள். அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிப்பது போதாதென்று, முன்பலகை விளிம்பில் கசிந்தால் ஸ்ப்ரூஸில் அழியாத கறையும் விடும். ஒரு முழுக் கிட்டாருக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பிளாஸ்டிக்கை ஊற்றி மரத்தின் ஒலியை அடைத்துவிடுகிறோமே என்று சில நண்பர்கள் வருந்தினார்கள். நியாயமான கவலைதான். மூன்றாவது கிட்டாரின் உடலை நிரப்புவதற்கு முன்னும், தேய்த்து முடித்த பின்னும் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். கூடியது ஒன்பது கிராம். ஒலியைப் பெரும்பகுதி எழுப்பும் முன்பலகையில் நிரப்பி இல்லவே இல்லை. என் காதுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. துளைகள் உண்மையாகவே மூடியிருப்பதால், மேலே லாக்கரை மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் நிறுத்திக்கொள்ள முடிந்தது. நிரப்பாமல் லாக்கரைக்கொண்டே பள்ளங்களை மூட முயன்றிருந்தால் அதைப்போலப் பல மடங்கு பூச வேண்டியிருந்திருக்கும். ரெசினுக்கும் லாக்கருக்கும் இடையே மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கை பூசினேன்; இரண்டையும் அது நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது கிட்டார் முடிந்து இரண்டு ஆடிக் காற்றும் இரண்டு கோடையும் கடந்துவிட்டன. பின்பலகையில் இன்றும் குழல்விளக்கு வளையாமல் நேர்க்கோடாகத் தெரிகிறது. அடிப்புறத்தில் இரு பக்கங்களும் சேரும் இடத்துக்கு அருகே மட்டும் நான்கைந்து குறுங்கோடுகள் இறங்கியிருக்கின்றன. இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் இடையே ஒரு முழு நாள் விடாமல் நான் அவசரப்பட்ட இடம் அது. நான்காவதில் கடைசிக் கைக்குப் பிறகு பத்து நாள் அப்படியே தொங்கவிட்டு, அதன் பின்னரே அரக்கு பூசினேன். ஓராண்டாகியும் அதில் ஒரு கோடுகூட இறங்கவில்லை.

சென்ற வாரம் அந்தப் பாலிஷ்காரப் பெரியவர் வந்திருந்தார். மூன்றாவது கிட்டாரைச் சன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அந்தப் புட்டிகளை எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.